ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே: வால்மீகி நகரில் புதுப்பித்த ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்

திருவான்மியூர் வால்மீகி நகரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி, 1994-ல் கட்டிய ஒன்பது வீட்டுக் கட்டடம். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் சிங்கிள் பெட்ரூம் வீட்டைப் பற்றித்தான் இந்த அலசல். விற்பதற்கென்றே முழுக்கப் புதுப்பித்திருக்கிறார்கள். புது டைல்ஸ், புது கிச்சன், ஃபால்ஸ் சீலிங், இரண்டு ஏசி, சுவரெல்லாம் பட்டி பார்த்து வெள்ளை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறலாம் என்கிறது விளம்பரம்.

குடியேறலாம்தான். கண்ணில் படும் வேலை பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது. பெரிய கோளாறெல்லாம் இரண்டே இடத்தில்: தலைக்கு மேலே ஒன்று, தண்ணீர் போகும் வழியில் ஒன்று. பழைய கட்டடத்தில் பணம் தின்பதும் அந்த இரண்டும்தான்.

முதலில் அளவு. 560 சதுர அடி என்பது விற்பனைப் பரப்பு. டேப் பிடித்தால் ஹால் 10-க்கு 13, படுக்கையறை 10-க்கு 11, கிச்சன் 7-க்கு 8, பாத்ரூம் 4-க்கு 7, நடுவில் சின்ன நடை. உள்சுவர்களையும் சேர்த்தால் சுமார் 360 சதுர அடி. ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்ப்பெட் ஏரியா என்று சொல்வது இதைத்தான். வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது. மிச்ச 200 அடி வெளிச்சுவர், பால்கனி, படிக்கட்டு, நடைபாதையில் பங்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அந்தக் காலத்துக் கணக்கு அப்படி. ஆனால் வாடகை வீட்டோடு ஒப்பிடும்போதும், சோபா வாங்கும்போதும் 360-ஐத்தான் மனதில் வைக்க வேண்டும். கட்டில் 6-க்கு 6¼ போட்டால் படுக்கையறையில் பீரோ கதவைத் திறக்க ஒன்றரை அடிதான் மிஞ்சும். விற்பவர் அங்கே தள்ளுகதவு வார்ட்ரோப் வைத்தது நல்ல யோசனை.

தெரு அமைதிதான், அதில் சந்தேகமில்லை. ஈ.சி.ஆரின் இரைச்சல் உள்ளே வருவதில்லை. வான்மீகி முனிவருக்கு ஈ.சி.ஆர் நடுவிலேயே ஒரு சின்னக் கோயில் உண்டு. அதைச் சுற்றித்தான் வண்டிகள் முட்டி மோதும், இந்தத் தெருக்களுக்குள் அந்தப் பதற்றம் எட்டாது. மருந்தீஸ்வரர் கோயிலும் பஸ் ஸ்டாண்டும் நடை தூரம். பறக்கும் ரயில் நிலையம் மேற்கே ஓ.எம்.ஆர் பக்கம், அதற்கு ஆட்டோ வேண்டும். ஞாயிறு மாலை கடற்கரைக்கு வரும் வண்டிகள் கேட்டை மறித்து நிற்கும். பார்க்கிங்கும் எழுதிக் கொடுத்த இடம் இல்லை, முதலில் வந்தவர் நிறுத்துகிறார். கார் வைத்திருப்பவர் இதை அட்வான்ஸுக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

பால்கனி கிழக்கே, கிச்சன் ஜன்னல் மேற்கே, நடுவில் தடுப்பில்லை. கோடையில் மதியம் கடற்காற்று ஏறியதும் வீட்டுக்குள் காற்று நேராக ஓடுகிறது. புதுப்பிக்கும் பலர் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி ஹாலோடு சேர்த்துவிடுவார்கள். இங்கே அதைச் செய்யவில்லை. காற்றும் தப்பியது, சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகரித்த வரைபடத்தோடு வீடும் ஒத்துப்போகிறது. வங்கி மதிப்பீட்டாளர் வரும்போது அது பெரிய நிம்மதி.

இனி தலைக்கு மேலே. தளத்தின் உயரம் 10 அடி. அதை ஜிப்சம் பலகை போட்டு 9 அடி 2 அங்குலத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். மேல்மாடி வீட்டில் ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்தாலே ஒரு கேள்வி வர வேண்டும்: அழகுக்குப் போட்டதா, மறைக்கப் போட்டதா? தெரிந்துகொள்ள எதையும் உடைக்க வேண்டியதில்லை. வீட்டு மின்பெட்டியான டி.பி-யில் லைட்டுக்கான எம்.சி.பி சுவிட்சை இறக்கிவிட்டு, சீலிங்கில் பதித்திருக்கும் வட்ட எல்.இ.டி விளக்கு ஒன்றின் விளிம்பைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுக்கவும். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப்தான், கையோடு வந்துவிடும். தெரியும் ஓட்டைக்குள் போனை டார்ச்சோடு வீடியோவில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஹாலில் இரண்டு, படுக்கையறையில் இரண்டு ஓட்டையில் பார்த்தால் முழு வீடும் பார்த்த மாதிரி.

இந்த வீட்டில் ஹால் தளம் சுத்தம். படுக்கையறையில், பால்கனிப் பக்கத்து பீமை ஒட்டி, அரை அடி இடைவெளியில் இரண்டு பழுப்புக் கோடுகள் இணையாக ஓடுகின்றன. பக்கத்தில் இரண்டடி நீளத்துக்குப் புதுசாக சிமெண்ட் அப்பிய இடம், நிறம் தனியாகத் தெரிகிறது. கோடு கோணல்மாணலாகப் போயிருந்தால் பூச்சு விரிசல் என்று விட்டுவிடலாம். கம்பி போகும் வழியில் நூல் பிடித்தது போல் நேராகப் போனால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

கடலோரத்தில் இது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது? நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு உள்ளே இறங்கும்போது அந்தக் காப்பு போய்விடுகிறது. துருவான இரும்பு தன் பழைய பருமனைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும். தளத்தின் அடியில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் முக்கால் அங்குலம்தான். வீக்கம் தாங்காமல் அது முதலில் கோடாக விரியும், பிறகு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும். கோட்டின் மேல் சிமெண்டைப் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபட்டுவிடும். ஒரு ஐப்பசி மழை தாண்டினால் அதே இடத்தில் திரும்ப விரியும்.

சரியான வைத்தியம் தெரிந்ததுதான். ஃபால்ஸ் சீலிங்கில் அந்தப் பகுதியைக் கழற்றி, தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைப் பளபளவென்று தெரியும்வரை வயர் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி வைத்துக் கட்ட வேண்டும், இதை முடிவு செய்ய வேண்டியவர் கொத்தனார் இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பிறகு துத்தநாக பிரைமர், பிடிப்புக்கு பாண்டிங் கோட், அது காய்வதற்குள் பாலிமர் கலந்த ரிப்பேர் மோர்ட்டார், ஒரு தடவைக்கு அரை அங்குலம். சாதா சிமெண்ட் கலவையை ஒரே அப்பாக அப்பினால் சொந்தப் பாரத்தில் தொங்கிப் பிரியும். இந்த வீட்டில் பாதிப்பு இருபது சதுர அடிக்குள் இருக்கும் போலத் தெரிகிறது. பயந்து ஓட வேண்டிய அளவு இல்லை; கேட்ட விலையைக் கொடுக்க வேண்டிய அளவும் இல்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மாடி ஏற வேண்டும். சென்னையின் பழைய கட்டடங்களைப் போலவே இங்கும் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டையான சுட்ட ஓடு (தட்டோடு) பதித்திருக்கிறார்கள். நல்ல முறைதான், சூட்டையும் தடுக்கும். முப்பது வருஷத்தில் ஓட்டின் இடுக்குகள் விட்டுப்போயிருக்கின்றன. ஏறிப் பார்த்தால் ஒரு வேடிக்கை: மொத்த மாடியும் செம்மண் நிறம், இந்த ஃபிளாட்டுக்கு மேலே மட்டும் வேட்டி விரித்தது போல ஒரு வெள்ளைச் செவ்வகம். விற்பவர் தன் வீட்டு அளவுக்கு மட்டும் குளிர்ச்சி தரும் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்திருக்கிறார். வெயிலுக்கு அது உதவும், கீழே சூடு குறையும். மழைக்கு உதவாது. பக்கத்தில் பெயிண்ட் இல்லாத இடத்தில் இறங்கும் தண்ணீர் செங்கல் ஜல்லிக்குள் ஊறி, வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகர்ந்து, விரிசல் கிடைத்த இடத்தில் கீழே இறங்கும். மழைநீர் வடிகுழாய் பால்கனிப் பக்க மூலையில் இருக்கிறது, மொத்த மாடியின் வாட்டமும் அங்கேதான். பழுப்புக் கோடு அந்த மூலையில் வந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆக இது வீட்டுக்காரர் தனியாகத் தீர்க்கக்கூடிய சிக்கல் இல்லை. மாடி ஒன்பது பேருக்கும் பொது. சுமார் 2,000 சதுர அடி மாடியில் தட்டோட்டைப் பெயர்த்துத் திரும்பப் போட, சதுர அடிக்கு 150 முதல் 200 ரூபாய் என்று வைத்தாலும் 3 முதல் 4 லட்சம் ஆகும். வீட்டுக்குப் பங்கு நாற்பதாயிரத்தைச் சுற்றி. பெரிய தொகை இல்லை. ஆனால் தரைத்தளத்து மூன்று வீட்டுக்காரர்களுக்கு மாடி ஒழுகுவது அடுத்த ஊர்ச் செய்தி.

அடுத்து பாத்ரூம். ஹாலில் பழைய மொசைக் தரைக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், அதில் தப்பில்லை. 8 மில்லிமீட்டர் டைலும் ஒட்டும் பசையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 25 கிலோ வரும். குடியிருப்புத் தளம் 200 கிலோ தாங்கும் கணக்கில் கட்டுவது வழக்கம். நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் ஹாலில் ஒரே ஒரு டைல் மட்டும் டொக் டொக் என்றது. கதவுகளை அடியில் இழைத்துச் சரி செய்திருக்கிறார்கள். ஆனால் அதே வித்தையைப் பாத்ரூமிலும் செய்திருப்பதுதான் வினை. பழைய பாத்ரூம்களில் தளத்தையே ஒரு அடி தாழ்த்தி, அந்தக் குழியில் செங்கல் துண்டு நிரப்பி, குழாயெல்லாம் அதற்குள் போகும். முப்பது வருஷக் குழாயும் முப்பது வருஷ வாட்டர்புரூஃபிங்கும் அப்படியே உள்ளே இருக்க, மேலே மட்டும் சட்டை மாற்றியாகிவிட்டது.

இரண்டு அடையாளம் இதைக் காட்டிக்கொடுக்கிறது. ஒன்று, முன்பு ஹாலைவிட ஒரு அங்குலம் தாழ்ந்திருந்த பாத்ரூம் தரை இப்போது கிட்டத்தட்டச் சமம். தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் கிரானைட் பட்டை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள், கால் இடறும். இன்னொன்று வாட்டம். ஒரு பக்கெட் தண்ணீரைச் சுவரோரம் கொட்டினால் முக்கால்வாசி நானி டிராப்புக்கு, அதாவது தரை வடிகால் வாய்க்கு, ஓடுகிறது, மிச்சம் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் குளமாக நிற்கிறது. நூறுக்கு ஒன்று என்ற வாட்டம் இருந்தால் நிற்காது. நிற்கும் இடத்தில் ஆறு மாதத்தில் டைல் இடுக்கில் நிரப்பிய கிரௌட் கறுக்கும்.

வாங்கும் முன் தண்ணீர் கட்டிப் பார்ப்பது கட்டாயம். டிராப் வாயைத் துணியும் சிமெண்டும் வைத்து அடைத்து, ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விட வேண்டும். சில மில்லிமீட்டர் ஆவியாகலாம். அதற்கு மேல் இறங்கினால் கசிவு. கோட்டைவிட முக்கியமான சாட்சி கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங், சோதனை முடிந்ததும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரிடம் மரியாதையாகக் கேட்டால் பத்து வருஷ வரலாறே கிடைக்கும்; புரோக்கர் சொல்லாததெல்லாம் அவர் சொல்வார்.

தலைக்கு மேல் எட்டு அங்குல ரெயின் ஷவர் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். திறந்தால் தூறலும் இல்லை, மழையும் இல்லை. நடுவில் நாலைந்து ஓட்டையில் கயிறு மாதிரி ஒழுகுகிறது. ஷவர் மேல் குற்றமில்லை, உயரக் கணக்கில்தான். மாடித் தொட்டி நாலடித் தூணில் நிற்கிறது. தொட்டி நிறைந்திருந்தாலும் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே பத்தடிதான். 33 அடி உயர நீருக்கு ஒரு பார் அழுத்தம் என்றால் இங்கே 0.3 பார். இந்த ரக ஷவர் ஒழுங்காக வேலை செய்ய ஒரு பாராவது வேண்டும். பிரஷர் பம்ப் வைக்கலாம். ஆனால் மூன்று வீட்டுக்கும் பொதுவான இறக்கு குழாயில் வைத்தால் கீழ்வீடுகளுக்குப் போக வேண்டிய தண்ணீரை இழுத்து, சண்டையையும் சேர்த்து இழுக்கும். தொட்டியிலிருந்து தனிக் குழாய், மாடியில் பம்ப், தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதற்கு அசோசியேஷன் சம்மதம். இவ்வளவுக்கு மெனக்கெடுவதைவிடச் சாதாரணக் கை ஷவரே மேல்.

அந்தப் பொது இறக்கு குழாய் இன்னும் பழைய ஜி.ஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. வீட்டுக்குள் எல்லாம் சி.பி.வி.சி பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றியாகிவிட்டது. ஆனாலும் காலையில் முதல் குழாயைத் திறந்தால் அரை பக்கெட் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது. புதுக் குழாய்களின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் துருத் தூள் இருக்கும். வீடு பார்க்கக் காலை ஆறரைக்குப் போவது இதற்காகத்தான். பத்து மணிக்குப் போனால் யாரோ திறந்துவிட்டுச் சுத்தமாக்கியிருப்பார்கள்.

கரண்ட் வேலை செய்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கும்பிடு. எட்டு வழி டி.பி, மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் தனித்தனியாக, பவர் பிளக்குக்கு 2.5, விளக்குக்கு 1.5. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழுகிறது. ஒவ்வொரு எம்.சி.பி-க்கும் கீழே எது எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். குறை ஒன்றுதான்: கீழே மீட்டர் பெட்டியிலிருந்து மேலே டி.பி வரை வரும் மெயின் வயர் பழைய 7/20, அதாவது 20-ம் எண் கம்பி ஏழு சேர்த்து முறுக்கியது. ஒன்றரை டன் ஏசி இரண்டு, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 7 கிலோவாட், அதாவது 30 ஆம்பியர் வரும். 7/20 அந்த எல்லையில் தள்ளாடும், வெயில் காலத்தில் இணைப்பு முனை கருகும். 10 ஸ்கொயர் செம்பு வயராக மாற்றச் சொல்ல வேண்டும், அரை நாள் வேலை. ஈ.பி பில்லில் அனுமதித்த லோடு எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

கிச்சன் சின்னதுதான், ஆனால் கைக்கு அடக்கம். மேடை உயரம் 33 அங்குலம், ஐந்தடிப் பெண்மணிக்குச் சரி, ஆறடி ஆளுக்கு முதுகு பிடிக்கும். அலமாரிப் பெட்டிகள் பிளைவுட், கதவுகள் எம்.டி.எஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. சிங்குக்குக் கீழே உள்ள கதவின் அடி விளிம்பைத் தடவினால் இப்போதே லேசாக உப்பியிருக்கிறது. அந்த ஒரு கதவை மட்டும் பி.வி.சி-க்கு மாற்றினால் போதும். சிம்னிக்கு வெளியே குழாய் விட்டிருக்கிறார்கள், தாளிப்பு வாசனை ஹாலுக்கு வரவில்லை. கீல்கள்தான் கவலை. காந்தம் வைத்தால் பலமாக ஒட்டுகிறது, முலாம் பூசிய சாதா இரும்பு. கடற்காற்றில் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது. அடுத்த முறை 304 ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்கவும். ஏசியின் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் பெயிண்ட் அடித்த இரும்புத் தாங்கியில் வைத்திருக்கிறார்கள். தாங்கியின் போல்ட்டைச் சுற்றி இப்போதே மஞ்சள் வடிந்திருக்கிறது. கீழே ஆள் நடக்கும் இடம். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ் தாங்கிக்கு முதல் மாதமே மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடித்துக் காயிலைக் கழுவினால் காஸ் கசிவு தள்ளிப்போகும்.

கடைசியில் விலை. பழைய ஃபிளாட்டில் காலம் போகப் போக ஏறுவது மண்ணின் மதிப்பு, டைல்ஸின் மதிப்பு இல்லை. இரண்டு கிரவுண்ட் மனை, அதாவது 4,800 சதுர அடி. மனையில் இந்த வீட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு 380 சதுர அடி. ஒன்பது வீட்டுப் பரப்போடு விகிதம் போட்டால் சரியாகவே வருகிறது. கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் இந்த 380-தான் பேசும். 2022-ம் வருஷத்து அடுக்குமாடிச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் நகரும். ஆனால் அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் வரும் மனைக்குக் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியும் வேண்டும், அதனால் புரோக்கர் சொல்லும் வேகத்தில் எதுவும் நடக்காது. பத்திரச் செலவு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். பட்ஜெட்டில் இதைத் தனியே வைக்கவும். ரெராவில் உள்ள ஐந்து வருஷக் கட்டுமானப் பொறுப்பு கட்டி விற்கும் நிறுவனத்துக்குத்தான். பழைய வீட்டை மெருகேற்றி விற்கும் தனியாளை அது கட்டுப்படுத்தாது. பத்திரமான பிறகு தளம் பெயர்ந்தால் அது வாங்கியவர் தலையில்.

புதுப்பிப்பு வேலைக்காக விற்பவர் ஏற்றியிருக்கும் தொகையில் கரண்ட், ஹால் தரை, கிச்சனுக்கு மட்டும் மதிப்புக் கொடுக்கலாம். பாத்ரூமைத் திரும்பத் தளம்வரை தோண்ட வேண்டும், படுக்கையறை சீலிங்கைக் கழற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். மாடி வேலைக்கு அசோசியேஷன் கூட்டம் போட்டு, ஒன்பது பேரும் பங்கு தருவதாக மினிட்ஸில் கையெழுத்திட்ட நகல் ஒன்றை அட்வான்ஸுக்கு முன் கேளுங்கள். தரைத்தளத்து மூன்று கையெழுத்து கிடைக்கவில்லை என்றால், மொத்த மாடிச் செலவையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.